ஒரே கரை, பல வரைபடங்கள்: இராமநாதபுரம் கடலோரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் நரிப்பையூர் வரை, கடலோர ஊர்களில் நிலம், வீடு, படகு, தடை என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஏதாவதொரு வரைபடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. கிராமக் கூட்டங்களிலும் தாலுகா அலுவலக வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தத் துறைக்கும் நான் வக்கீல் இல்லை. எளிய கேள்விகள் முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

1. எங்கள் கடற்கரைக்கு வரைபடம் போடும் ஆபீஸ் எது? ஒரே இடத்தில் கேட்டு வாங்க முடியாதா?

முடியாது. உங்கள் புல எண்ணும் அதன் எல்லையும் மாநில அரசின் நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையிடம் இருக்கின்றன. மலை, சாலை, ஓடை, ஊர் எல்லாம் சேர்ந்த இடவிளக்க வரைபடம் மத்திய அரசின் இந்திய நில அளவைத் துறையுடையது. 1767இல் தொடங்கிய துறை அது. கடலின் ஆழத்தை அளப்பது கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம். இந்த இரண்டுக்கும் தலைமையகம் டேராடூன். நம் கரையின் மண்ணையும் நீரையும் வரைபவர்கள் இருவருமே இமயமலை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இவை போக, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லை வனத்துறையிடம். கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் கோடுகளைச் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் வரைந்து கொடுக்கிறது. சுனாமி எச்சரிக்கையும் மீன்வளம் மிகுந்த இடங்களின் அறிவிப்பும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து வருகின்றன. செயற்கைக்கோள் படங்கள் இஸ்ரோவுடையவை.

2. ஆளாளுக்குத் தனியாக அளப்பது வீண் செலவுதானே?

பாதி வீண், பாதி அவசியம். வேலி தகராறைத் தீர்க்க வந்த அளவையருக்குச் சென்டிமீட்டர் முக்கியம், கடல் ஆழம் தேவையில்லை. கப்பல் ஓட்டுபவருக்குத் தரை தட்டும் இடம் தெரிந்தால் போதும், கரையில் யாருக்குப் பட்டா என்பது அவருக்கு எதற்கு? வேலை வேறானால் வரைபடமும் வேறாகும். வீண் எங்கே வருகிறது என்றால், ஒரு துறை ஏற்கெனவே அளந்து வைத்திருப்பது தெரியாமலோ, தெரிந்தும் கேட்டு வாங்க முடியாமலோ இன்னொரு துறை மறுபடி டெண்டர் விடும்போதுதான்.

இதைக் குறைக்கத்தான் தேசிய இடவியல் தரவுக் கட்டமைப்பு என்ற ஏற்பாட்டுக்கு 2006இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2012இல் அரசுத் தரவுகளைப் பகிர்வதற்கான கொள்கை வந்தது. 2021 பிப்ரவரியில் வரைபடம் தயாரிப்பதற்கு முன்அனுமதி வாங்கும் கெடுபிடிகள் பெருமளவு நீக்கப்பட்டன. 2022 டிசம்பரில் தேசிய புவியிடக் கொள்கை வெளியானது. நம் மாநிலத்தில் மின் ஆளுமை முகமையின் புவித் தகவல் தளம், பல துறைகளின் வரைபட அடுக்குகளை ஒரே திரையில் கொண்டுவர முயல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. நடைமுறைச் சிக்கல்களைப் போகப் போகப் பார்க்கலாம்.

3. இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். இப்போது 11,098 என்கிறார்கள். கரை வளர்ந்துவிட்டதா?

வளரவில்லை. பழைய எண் 1970களில், 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த படத்தில் அளந்தது. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் நாலரை கிலோமீட்டர். காரங்காட்டுக் கழிமுகத்தின் வளைவு நெளிவுகளை அதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பின்னர் ஹைட்ரோகிராஃபிக் அலுவலகமும் இந்திய நில அளவைத் துறையும் சேர்ந்து, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான தரவை வைத்து மறுபடி கணக்கிட்டன. அதனால் மொத்தம் 11,098.81 கிலோமீட்டர் ஆனது. தமிழ்நாட்டின் பங்கு 906.9 என்பதிலிருந்து 1,068.69 ஆக உயர்ந்தது.

இரண்டு துறைகள் சேர்ந்து வேலை பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இத்தனை கிலோமீட்டர் கூடிவிட்டது" என்று மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள். அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

4. பட்டாவில் இருக்கும் என் தென்னந்தோப்பின் பாதி, கைப்பேசி வரைபடத்தில் கடலுக்குள் தெரிகிறது. எது உண்மை?

முதலில் உங்கள் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். புலத்தின் குறுக்கே ஓர் அடிக்கோடு போகும். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் எத்தனை மீட்டர் என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். எல்லாமே கல்லிலிருந்து கல்லுக்கு அளந்த தூரம். பூமிப் பந்தில் அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை என்னவென்று, அந்தப் பழைய தாளில் ஒரு சொல்கூட இருக்காது. அதைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைக்கும்போது வரப்பையும் சாலை முனையையும் பார்த்து, யாரோ ஒருவர் கணினியில் ஏறக்குறையப் பொருத்துகிறார். உள்நாட்டில் நான்கு பக்கமும் பொருத்திப் பார்க்க ஏதாவது இருக்கும். கடலோரத்தில் ஒரு பக்கம் தண்ணீர். அந்தப் பக்கம்தான் பிழை நழுவும். ஆகவே திரையில் தோப்பு கடலுக்குள் போனதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இங்கே பெரும்பகுதி சேதுபதிகளின் ஜமீன் நிலம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து, அதற்கேற்ற அளவையும் வரித்திட்டமும் நடந்தன. ரயத்துவாரி பழைய காலத்திலேயே இருந்த மாவட்டங்களைப் போல நூற்றாண்டுப் பழமையான கிராம ஆவணங்களை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாது.

அதற்காகக் கடல் அரிப்பே பொய் என்று சொல்லவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடி பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. உங்கள் தோப்புக்கு எது நடந்தது என்று தெரிய ஒரே வழி, கட்டணம் கட்டி, அளவையரை வரவழைத்து, மீதமிருக்கும் கற்களிலிருந்து அளந்து பார்ப்பதுதான்.

5. பழைய டோப்போ ஷீட்டில் குறித்த கிணறு, ஜி.பி.எஸ். வைத்துப் போனால் வேறு இடத்தில் இருக்கிறது. கருவி கோளாறா?

கருவியில் கோளாறு இல்லை. டோப்போ ஷீட் என்பது முதல் பதிலில் சொன்ன இடவிளக்க வரைபடத் தாள். பழைய தாள்கள், பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கு. அதே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் அப்படியே போட்டால் நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான வரிசைத் தாள்கள் புதிய கணக்கிலேயே வருகின்றன. தாளின் ஓரத்தில் எந்தக் கணக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். கிணற்றைத் தேடும் முன் அதைத் தேடுங்கள்.

6. "ஒன்பது பதினேழு புள்ளி ஐந்து" என்று வயர்லெஸ்ஸில் சரியாகத்தான் சொன்னோம். உதவிப் படகு எங்கேயோ போய்விட்டது. ஏன்?

படகு ஜி.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் பாகை, கலை என்ற முறை இருக்கும். 9 பாகை 17.5 கலை என்பது தசம முறையில் 9.2917 பாகை. கரையில் கணினிக்கு முன்னால் இருப்பவர் அதையே 9.175 என்று தட்டினால் 7 கலை வித்தியாசம். ஒரு கலை ஒரு கடல் மைல். ஆக 7 கடல் மைல், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். அலை அடிக்கிற இரவில் 13 கிலோமீட்டர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

துறைகளுக்கிடையே தரவு கைமாறும்போதும் இதே விபத்து நடக்கிறது. மீன்வளத்துறை ஒரு வடிவத்திலும் வேறொரு துறை இன்னொரு வடிவத்திலும் பட்டியலை வைத்திருக்கும். யாராவது ஒருவர் எக்செல்லில் ஒட்டுவார். தொழில்நுட்பம் என்று பெரிய பேச்சு பேசுகிறவர்கள் முதலில் இந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும். உங்கள் பங்குக்கு, எண்ணோடு "பாகை, கலை" என்பதையும் சொல்லி, மறுமுனையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

7. கடல் வரைபடத்தில் ஆழம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. வள்ளம் மணலில் தட்டுகிறதே?

நில வரைபடத்தின் பூஜ்ஜியமும் கடல் வரைபடத்தின் பூஜ்ஜியமும் ஒன்றல்ல. நிலத்தில் உயரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கடல் வரைபடத்தில் ஆழம், நீர் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டிய ஒரு கோட்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. பாதுகாப்புக்காக அப்படி. அதாவது சாதாரண நேரத்தில் படத்தில் போட்டதைவிடத் தண்ணீர் கூடவே இருக்க வேண்டும்.

பிறகு ஏன் தட்டுகிறது? நம் பகுதியில் ஓத ஏற்றத்தாழ்வு, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் வித்தியாசம், ஒரு மீட்டருக்கும் குறைவு. பாக் விரிகுடா போன்ற ஆழமில்லாத கடலில் நீர்மட்டத்தை ஓதத்தைப் போலவே காற்றும் ஏற்றி இறக்குகிறது. மணல் திட்டு பருவத்துக்குப் பருவம் நகர்கிறது. வரைபடமோ அளந்த அன்றைய தேதியில் நிற்கிறது. எந்த ஆண்டு எந்தப் பகுதியை அளந்தார்கள் என்பதை ஒரு மூலையில் சிறு கட்டத்தில் போட்டிருப்பார்கள். அதோடு அவை கப்பலுக்காக வரைந்தவை. வள்ளம் போகும் ஆழத்தில் கப்பலுக்கு வேலை இல்லை என்பதால் அங்கே நெருக்கமாக அளந்திருக்க மாட்டார்கள்.

நிலத்துறையின் படம் கரையோடு முடிகிறது, கடற்படையின் படம் ஆழத்தில்தான் நெருக்கமாகிறது. நடுவில் விடுபடும் பட்டையில்தான் கரைவலையும் பாசி எடுக்கும் பெண்களும் நாட்டுப்படகும் இருக்கின்றன. பகிர்வு பற்றிய எல்லாத் திட்டத்துக்கும் இதுவே உண்மையான சோதனை.

8. உயர் ஓதக் கோடு எங்கள் ஊரில் எங்கே போகிறது? ஒரு படத்தில் கோயிலுக்கு முன்னால், இன்னொன்றில் கோயிலுக்குப் பின்னால்.

உயர் ஓதக் கோடு என்பது ஓதம் ஏறும்போது கடல் நீர் எட்டும் எல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்திருக்கிறது. ஒவ்வொன்றின்கீழும் திட்ட வரைபடம் தனி. முதலில் உங்கள் கையில் இருப்பது எதன் கீழ் வந்தது, ஒப்புதல் பெற்றதா, வரைவா என்று பாருங்கள். 2019 அறிவிக்கைப்படி, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் ஊரகப் பகுதிகளில் அந்தக் கோட்டிலிருந்து அளக்கும் கட்டுமானத் தடைப் பட்டை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைகிறது. ஆனால் அந்த அறிவிக்கைப்படி திருத்திய திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும்.

இப்போது கோயிலுக்கு வருவோம். மாவட்ட அளவிலான திட்ட வரைபடம் 25,000இல் ஒரு பங்கு. அதில் 50 மீட்டர் என்பது வெறும் 2 மில்லிமீட்டர். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் கோடே தரையில் பன்னிரண்டரை மீட்டரை விழுங்கிவிடும். கோயில் முன்னாலா பின்னாலா என்று அந்தத் தாளை வைத்து வாதாடுவதில் பொருளே இல்லை. புல எண்களோடு, ஏறக்குறைய 4,000இல் ஒரு பங்கு அளவில் வரும் கிராம அளவிலான வரைபடத்தைக் கேளுங்கள். அதில் அதே 50 மீட்டர் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குமேல் வரும். வீடு வீடாகப் பார்க்கலாம்.

9. ஆபத்துக் கோடு என்று இன்னொன்று சொல்கிறார்களே, அதற்குள் வீடு கட்டக் கூடாதா?

கரை மாற்றம், அலை, ஓதம், கடல் மட்ட உயர்வு ஆகியவற்றைச் சேர்த்து இந்திய நில அளவைத் துறையின் மூலம் வரையப்பட்ட கோடு அது. 2019 அறிவிக்கையில் அதை அனுமதி தரும் விதிகளிலிருந்து பிரித்து, பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவியாக வைத்திருக்கிறார்கள். எனவே அது தடைக்கோடு அல்ல. ஆனால் பிள்ளைகளுக்கு வீடு கட்ட இடம் பார்ப்பவர் அதைப் பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

10. தேசியப் பூங்காவின் எல்லை கடலில் எங்கே இருக்கிறது? மிதவையும் இல்லை, கல்லும் இல்லை. பிடித்தபிறகுதான் உள்ளே வந்துவிட்டோம் என்கிறார்கள்.

இங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர், தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலையும் கொண்டது. 1989இல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர். காப்பகத்துக்குள் இருப்பதாலேயே பூங்காவுக்குள் இருப்பதாக ஆகிவிடாது. சில படங்களில் இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் வந்த வினை.

பூங்காவின் எல்லை ஆழத்தைக் கொண்டு சொல்லப்பட்டது: தீவுகளின் கரைப்பக்கம் மூன்றரை பாகம் (ஆழம் அளக்கும் ஃபாதம் அலகு), கடல்பக்கம் ஐந்து பாகம். மீட்டரில் சுமார் 6.4, 9.1. ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்ப்பவருக்கு இது புரியும் மொழி. ஆனால் வனத்துறைக் காவலர் கையில் இருப்பது ஜி.பி.எஸ்., அதற்கு ஆழம் தெரியாது. ஆழத்தைப் புள்ளிகளாக மாற்ற வேண்டும். எந்த ஆண்டு அளந்த ஆழம்? எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து (7ஆவது பதிலைப் பாருங்கள்)? தரை மெல்லச் சரியும் இடத்தில் ஆழக் கணக்கில் அரை மீட்டர் பிசகினால் எல்லை பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப் போகும்.

ஆழத் தரவு கடற்படையிடம். எல்லை வனத்துறையிடம். படகு உரிமம் மீன்வளத்துறையிடம். பவளமும் கடற்புல்லும் எங்கே இருக்கின்றன என்ற ஆய்வு, மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றிடம். இவை ஒரு மேசைக்கு வந்து, ஒரே புள்ளிப் பட்டியலை ஒப்புக்கொண்டு, அதையே தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒட்ட வேண்டும். உங்கள் சங்கம் கேட்க வேண்டியது "எல்லையைத் தளர்த்துங்கள்" என்பது மட்டுமல்ல, "எல்லைப் புள்ளிகளை, தேதியோடும் அளந்த கணக்கோடும் எழுத்தில் தாருங்கள்" என்பதும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கலாம்.

11. நிவாரணப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. வரைபடத்திலும் இல்லை. நாங்கள் எங்கே போனோம்?

வருவாய்த் துறைக்கு ஊர் என்பது வருவாய் கிராமம். ஊரக வளர்ச்சித் துறைக்கு ஊராட்சி. மீன்வளத்துறைக்கு மீனவ கிராமம். மூன்றும் ஒரே எல்லை கொண்டவை அல்ல. ஒரு வருவாய் கிராமத்துக்குள் இரண்டு மூன்று மீனவக் குடியிருப்புகள் இருக்கலாம், அவற்றின் பெயர் எதுவும் கிராம வரைபடத்தில் இருக்காது. போதாததற்கு ஒரே பெயரை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். கணினிக்கு அவை வேறு வேறு ஊர்.

2024 நவம்பர் 20ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எந்தத் தெருவுக்குப் படகு, எந்தக் குடியிருப்புக்குச் சாப்பாடு என்று முடிவு செய்பவர் இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். இதற்குத் தீர்வு புதிய செயலி அல்ல, ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரே குறியீட்டு எண். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஊராட்சி வரை எண் இருக்கிறது. உங்கள் குடியிருப்பு எந்த எண்ணின்கீழ் வருகிறது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு மனுவிலும் அதை எழுதுங்கள்.

12. இலங்கை எல்லைக்கோட்டைக் கைப்பேசியில் பார்த்து மீன்பிடிக்கலாமா?

வேண்டாம். பாக் விரிகுடாப் பகுதிக்கு 1974 ஒப்பந்தமும் மன்னார் வளைகுடாவுக்கு 1976 ஒப்பந்தமும் சில புள்ளிகளைச் சொல்லி, அவற்றைக் கோடுகளால் இணைக்கின்றன. அது ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய காலம், 5ஆவது பதிலில் சொன்ன சிக்கல் இங்கேயும் வரும். கைப்பேசியில் தெரியும் கோட்டை வரைந்தவர் யார், எதிலிருந்து என்று உங்களுக்குத் தெரியாது. கடல் வரைபடத்தில் உள்ளதை நம்புங்கள், அதற்கும் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

13. எல்லாம் அரசாங்கம்தானே, ஒருவருக்கொருவர் கொடுக்க என்ன தயக்கம்?

பாதுகாப்பு என்பது முதல் பதில். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அண்டை நாடு பார்வைத் தூரத்தில் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் எதற்கும் அந்தப் பதிலையே சொல்வதில் நியாயம் இல்லை.

என் கணிப்பில் பெரிய தயக்கம் கையெழுத்து பற்றியது. தரவைக் கொடுத்த அதிகாரி, நாளை அதில் தவறு என்று வழக்கு வந்தால் தன் தலை உருளும் என்று நினைக்கிறார். அதனால் "குறிப்புக்காக மட்டும்" என்று முத்திரை குத்திக் கொடுக்கிறார். வாங்கிய துறையும் அதையே சாக்காக வைத்துப் பயன்படுத்தாமல் விடுகிறது. இரண்டாவது, நகல் கொடுக்கும் பழக்கம். ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடியதுபோல ஒரு குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்த தரவு, கொடுத்த நாளோடு நின்றுவிடுகிறது. மூலத்தில் நான்கு திருத்தம் வந்த பிறகும் வாங்கியவரிடம் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு துறையே பொறுப்பு, மற்றவர்கள் அங்கிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும் என்ற முறைதான் சரி. 2022 கொள்கையின் போக்கும் அதுவே.

14. எங்கள் பார், எங்கள் வலை காயவைக்கும் இடம் எல்லாம் நாங்களே வரைந்து கொடுத்தால் சேர்ப்பார்களா?

கரையில் இருப்பதைக் கண்டிப்பாகக் கொடுங்கள். படகு நிறுத்துமிடம், மீன் உலர்த்தும் தளம், ஐஸ் ஆலை, பொது இடங்கள் ஆகியவை கடற்கரை மண்டலத் திட்டத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வெள்ளைத்தாளில் வரையாதீர்கள். 8ஆவது பதிலில் சொன்ன கிராம அளவிலான வரைபடத்தின்மேல், புல எண் தெரியும்படி குறித்து, தேதி போட்டு, ஒப்புகை வாங்குங்கள்.

கடலுக்குள் இருக்கும் பார்களை, அதாவது மீன் கிடைக்கும் பாறைத் திட்டுகளை, எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். ஒருமுறை பொதுத்தளத்தில் ஏறிவிட்டால் அது உங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்த இடமாக இருக்காது. பெரிய விசைப்படகுக்காரர் முதலில் பார்ப்பார். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஊரே உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

15. இரண்டு துறைப் படங்களும் முரண்பட்டால் எது செல்லும்?

எதைப் பற்றிய தகராறு என்பதைப் பொறுத்தது. நில எல்லை என்றால் நில அளவை ஆவணமும் நேரடி அளவும். வீடு கட்டும் அனுமதி என்றால் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டலத் திட்டம். பூங்கா என்றால் அரசிதழில் வந்த வாசகம், அதோடு இணைந்த படம் துணைக்குத்தான். இணையத்தளத்திலிருந்து எடுத்த திரைநகலுக்கு இவற்றில் எதிலும் பெரிய மதிப்பில்லை.

ஆகவே எதைக் கொண்டு போனாலும் சான்றிட்ட நகலாகக் கொண்டு போங்கள். அதில் அளவுகோல், அளந்த ஆண்டு, எந்த அறிவிக்கையின் கீழ், வழங்கிய தேதி ஆகிய நான்கும் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தால் கவுண்டரை விட்டு நகரும் முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியே வந்தபிறகு மறுபடி மனு, மறுபடி கட்டணம்.